டிஎல்டிஆர்: நீளமான ஆங்கிலச் செய்திக்கு ஒரு வரிச் சுருக்கம் போடுவது எப்படி?

ஆங்கிலத்தில் நீளமாக ஒரு மெயில் வருகிறது. உச்சியில் நான்கு எழுத்து, நடுவில் ஓர் அரைப்புள்ளி: டிஎல்;டிஆர். அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி, கீழே முப்பது வரி. ஆங்கிலத்தில் மெயில் படித்துப் பழகாதவர்கள் அந்த நாலெழுத்தை ஏதோ ஃபைல் நம்பர் என்று நினைத்துத் தாண்டிவிட்டு, கீழே இருக்கிற முப்பது வரியையும் அகராதியோடு உட்கார்ந்து படிப்பதுண்டு. தாண்டிப்போன வரியில்தான் விஷயம் மொத்தமும் இருக்கும்.

அதன் விரிவு 'டூ லாங், டிட்ன்ட் ரீட்'. ரொம்ப நீளம், நான் படிக்கவில்லை என்று அர்த்தம். 2000களின் தொடக்கத்தில் இணைய விவாதங்களில் இது புழக்கத்துக்கு வந்தபோது சுத்தமான நக்கல். யாராவது பத்தி பத்தியாக எழுதித் தள்ளினால், கீழே இந்த நாலெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். அடி வாங்கிய நீளக் கட்டுரைக்காரர்கள் கொஞ்ச நாளில் முந்திக்கொண்டார்கள். 'எப்படியும் முழுசாகப் படிக்கமாட்டீர்கள், இந்தாருங்கள் சுருக்கம்' என்று அதே எழுத்துகளைத் தங்கள் கட்டுரையிலேயே போட்டு ஒரு வரி எழுதினார்கள். திட்டாக இருந்தது லேபிளாக மாறியது இப்படித்தான். ஆக்ஸ்ஃபோர்டின் இணைய அகராதி 2013இல் இதைச் சேர்த்துக்கொண்டது, மெரியம்-வெப்ஸ்டர் 2018இல். 2022இல் அமெரிக்க காங்கிரஸில் ஒரு மசோதா அறிமுகமானது. இணைய நிறுவனங்கள் தங்கள் பயன்பாட்டு விதிமுறைகளுக்கு எளிய சுருக்கம் தர வேண்டும் என்பது அதன் நோக்கம். பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் டிஎல்டிஆர் என்று வரும்படி மெனக்கெட்டுப் பெயர் வைத்திருந்தார்கள்.

திட்டு, லேபிள் இரண்டும் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கின்றன. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிஎல்டிஆர் என்பது உங்கள் எழுத்துக்கு நீங்களே போட்டுக்கொள்வது. அடுத்தவர் எழுதியதற்குக் கீழே அதை மட்டும் பதிலாகப் போட்டால், சிரித்த முகப் பொம்மையைச் சேர்த்துப் போட்டாலும் அவமரியாதைதான்.

முதல் படி: எந்த வேலைக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள்

எதிரே வரும்போது அது நிற்கிற இடத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எழுத்துகளுக்குப் பின்னால் கோலன், அதற்குப் பிறகு ஒரு வாக்கியம் என்றால் அது சுருக்கம். தனியாக, ஒரு பதிலாக மட்டும் நின்றால் கிண்டல். 'வாட்ஸ் த டிஎல்டிஆர்?' என்று பெயர்ச்சொல்லாக வந்தால், 'சுருக்கமாக விஷயம் என்ன?' என்று கேட்கிறார்கள். அதில் கோபம் எதுவும் இல்லை, பதறாமல் பதில் சொல்லலாம்.

நான்காவதாக ஒரு விளையாட்டு வகையும் உண்டு. ஒருவர் தன் வாரம் எவ்வளவு மோசமாகப் போனது என்று இரண்டு பத்தி புலம்பிவிட்டு, கடைசியில் 'டிஎல்டிஆர்: ஐ நீட் ஸ்லீப்' என்று முடிப்பார். அங்கே தகவல் ஒன்றுமில்லை, தன்னைத் தானே கேலி செய்துகொள்கிறார், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: எழுதும் முறை

இதில் பெரிதாக ஒன்றுமில்லை. நாலும் பெரிய எழுத்தாகவோ, நாலும் சின்ன எழுத்தாகவோ இருக்கலாம், கலக்க வேண்டாம். நடுவில் வரும் அரைப்புள்ளியை விட்டுவிட்டாலும் தவறில்லை. போனில் அதைத் தேடி அடுத்த விசைப்பலகைக்குப் போக வேண்டியிருப்பதால் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதிலாகக் கமாவோ, நாலெழுத்துக்கும் நடுவில் நாலு புள்ளியோ வைப்பதுதான் பார்க்க அன்னியமாக இருக்கும். பெயர்ச்சொல்லாகப் பயன்படுத்தினால் முன்னால் 'த' அல்லது 'அ' வர வேண்டும்: 'ஹியர்ஸ் த டிஎல்டிஆர்', 'கேன் யூ ஆட் அ டிஎல்டிஆர்?'. 'ஆன்' வராது, ஏனென்றால் வாயில் முதலில் வருவது 'டீ'.

மேலேயா, கீழேயா? விவாதத் தளங்களில் பெரும்பாலும் கடைசியில் போடுவார்கள். கதை சொல்லி முடித்துவிட்டு, பொறுமை இல்லாமல் கீழே ஓடி வந்தவருக்காக வைப்பது அது. மெயிலிலும் அலுவலகச் சாட்டிலும் எப்போதும் மேலே. கீழே போட்ட சுருக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முழுவதையும் உருட்டியாக வேண்டும், அப்புறம் சுருக்கம் எதற்கு?

மூன்றாம் படி: அந்த ஒரு வரியில் என்ன எழுதுவது

லேபிளைச் சரியாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் உப்புச்சப்பில்லாத ஒரு வரியை எழுதுவதுதான் பரவலாக நடக்கிறது. ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்த்துவிடலாம். உங்கள் குழுவுக்கு இப்படி ஒரு மெயில் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வசதிக்காகத் தமிழில் தருகிறேன்:

'நாம் இப்போது கோப்புகளைச் சேமித்து வைக்கும் சேவையின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. மூன்று சேவைகளை ஒப்பிட்டுப் பார்த்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குப் பழைய இடம் மூடப்படும். பொது ஃபோல்டர்களை நாங்களே புதிய இடத்துக்கு மாற்றிவிடுவோம். தனிப்பட்ட ஃபோல்டரில் இருப்பதை அவரவர்தான் அதற்குள் டவுன்லோடு செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் அவை அழிந்துவிடும். அந்த நாட்களில் விடுப்பில் இருப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் உதவி செய்கிறோம்.'

இதற்கு முதலில் கைக்கு வருவது இந்த மாதிரி இருக்கும்: 'டிஎல்டிஆர்: அப்டேட் அபௌட் அவர் ஃபைல் ஸ்டோரேஜ்'. இது தலைப்பு. எதைப் பற்றிய மெயில் என்று சொல்கிறதே தவிர, மெயில் என்ன சொல்கிறது என்று சொல்லவில்லை. சுருக்கம் என்ற பெயரில் வருகிறவற்றில் இந்த ரகம்தான் அதிகம். 'அபௌட்' என்ற சொல் உங்கள் வரியில் இருந்தால் அநேகமாக நீங்கள் எழுதியிருப்பது தலைப்புதான், அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அடுத்த முயற்சி: 'டிஎல்டிஆர்: வி கம்பேர்ட் த்ரீ சர்வீசஸ் அண்ட் சோஸ் அ நியூ ஒன்'. எழுதியவருக்கு இதுதான் முக்கியம், பாவம், மூன்று சேவைகளை ஒப்பிட்டுப் பார்த்தது அவர்தானே. படிப்பவருக்கு இதில் செய்ய ஒன்றுமில்லை.

மூன்றாவது: 'டிஎல்டிஆர்: ஸ்டோரேஜ் இஸ் சேஞ்சிங், டவுன்லோட் யுவர் ஃபைல்ஸ்'. கிட்டே வந்துவிட்டோம். ஆனால் எப்போதைக்குள்? எந்த ஃபைல்? இந்த வரியை நம்பியவர் பொது ஃபோல்டரையும் சேர்த்து டவுன்லோடு போட்டுக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருப்பார், அல்லது திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்.

இப்போது இது: 'டிஎல்டிஆர்: டவுன்லோட் யுவர் பெர்சனல் ஃபோல்டர் பிஃபோர் 6 பிஎம் ஃப்ரைடே. வி வில் மூவ் த ஷேர்ட் ஒன்ஸ்.'

இரண்டே வாக்கியம். முதல் சொல்லே வினைச்சொல், அதாவது செய்ய வேண்டிய வேலை. எதை, எப்போதைக்குள் என்பது அதே வாக்கியத்தில் இருக்கிறது. செய்ய வேண்டாதது எது என்று அடுத்த வாக்கியம் சொல்லிவிடுகிறது. ஒப்பந்தம் முடிவது, மூன்று சேவை, விடுப்புக்காரர்கள், அழிந்துவிடும் என்ற எச்சரிக்கை எல்லாம் கீழே முழு மெயிலில் இருந்துகொள்ளட்டும். எச்சரிக்கையையும் மேலே கொண்டுவரலாமா என்று கேட்டால், உங்கள் குழு மெயிலை அலட்சியம் செய்கிற குழுவாக இருந்தால் கொண்டுவாருங்கள், 'ஆர் எல்ஸ் யூ வில் லூஸ் இட்' என்று வாக்கியத்தோடு ஒட்டிவிட்டால் போதும்.

இந்த வரியில் 'கைண்ட்லி', 'ஐ வுட் லைக் டு இன்ஃபார்ம் யூ தட்' மாதிரியான மரியாதை ஊர்வலம் தேவையில்லை. வினைச்சொல்லில் தொடங்கினால் கட்டளையிடுகிற மாதிரி இருக்குமோ என்று தயங்குவோம். நம் பேச்சில் 'செய்' என்பதற்கும் 'செய்யுங்கள்' என்பதற்கும் அவ்வளவு தூரம் இருப்பதால் வருகிற தயக்கம் அது. ஆங்கிலச் சுருக்க வரியில் வெறும் வினைச்சொல் முரட்டுத்தனமாகக் கேட்காது. மனசு கேட்கவில்லை என்றால் ஒரு 'ப்ளீஸ்' சேர்த்துக்கொள்ளுங்கள்.

'இஸ்', 'த' போன்ற சின்னச் சொற்களை உதிர்த்துவிடுவதும் இங்கே அனுமதி உண்டு. 'மீட்டிங் மூவ்ட் டு தர்ஸ்டே' என்றால் யாரும் இலக்கணப் பிழை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் 'நாட்', 'அன்லெஸ்', 'ஒன்லி' மூன்றையும் ஒருபோதும் உதிர்க்காதீர்கள். இடம் மிச்சம் பிடிக்கப் போய் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

செய்யச் சொல்ல ஒன்றுமில்லாத செய்தி என்றால்? அப்போது முடிவை எழுதுங்கள். நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு 'இரண்டாவது வழிதான் சரி' என்று நீங்கள் வந்து சேர்ந்திருந்தால் சுருக்கம் அதுதான். எதையெல்லாம் ஆராய்ந்தீர்கள் என்பது கீழே போகட்டும். முடிவும் இல்லை, வேலையும் இல்லை என்றால், 'நோ ஆக்‌ஷன் நீடட்' என்றே எழுதிவிடலாம். படிக்கிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. மெயிலை எழுதி முடித்த பிறகு, சுருக்கத்தைக் கடைசியாக எழுதி மேலே ஒட்டுங்கள். பிறகு கீழே இருப்பதைக் கையால் மறைத்துக்கொண்டு அந்த வரியை மட்டும் படியுங்கள். அதை மட்டும் படித்தவர் சரியான வேலையைச் சரியான நாளில் செய்வாரா? செய்வார் என்றால் அனுப்பலாம். மூன்று வாக்கியத்தைத் தாண்டுகிறது என்றால் உங்கள் மெயிலில் இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டு மெயிலாகப் பிரியுங்கள். மொத்த மெயிலே ஏழெட்டு வரிதான் என்றால் டிஎல்டிஆர் வேண்டவே வேண்டாம். ஐந்து வரிக்கு இரண்டு வரிச் சுருக்கம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், படிக்கிற வேலை அவர்களால் கூடத்தான் செய்கிறது.

பங்காளிகள்

டிஎல்டிஆரோடு சுற்றுகிற வேறு சில சுருக்கெழுத்துகளும் உண்டு. எல்லாம் ஒரே வேலை செய்வதில்லை.

பிஎல்யூஎஃப் என்பது 'பாட்டம் லைன் அப் ஃப்ரன்ட்', முக்கியமானதை முதலில் சொல் என்று பொருள். அமெரிக்க ராணுவக் கடிதப் பழக்கத்திலிருந்து அலுவலகங்களுக்கு வந்தது. டிஎல்டிஆரில் இருக்கிற நக்கல் வாடை இதில் இல்லாததால், மேலதிகாரிகளுக்கு எழுதும்போது கைகொடுக்கும். இதை வாயால் சொன்னால் 'ப்ளஃப்' என்று வரும், அதே உச்சரிப்புக்கு ஏமாற்று என்றும் ஓர் அர்த்தம் இருப்பதால், தெரியாதவர்கள் கூட்டத்தில் சொல்லி வைக்காதீர்கள்.

இஎல்ஐ5 வேறு ஜாதி. 'எக்ஸ்ப்ளெய்ன் லைக் ஐம் ஃபைவ்', ஐந்து வயசுக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி விளக்கு என்று அர்த்தம். ரெடிட் என்ற விவாதத் தளத்தில் 2011இல் இதே பெயரில் தொடங்கிய பகுதி இதைப் பரப்பியது. இதில் கேட்பது எளிமை, சுருக்கம் இல்லை. எளிமையாக்கினால் பதில் நீளமாகக்கூடப் போகும். ஒருவர் இஎல்ஐ5 கேட்டால் ஒரு வரி எழுதி அனுப்பாதீர்கள், டிஎல்டிஆர் கேட்டால் உதாரணக் கதை சொல்ல ஆரம்பிக்காதீர்கள்.

டிஎல்;டிடபிள்யூ என்றால் 'டூ லாங், டிட்ன்ட் வாட்ச்', வீடியோவுக்கு. எஃப்ஒய்ஐ உங்களுக்கே தெரியும், தகவலுக்காக மட்டும். ஐசிஒய்எம்ஐ என்பது 'இன் கேஸ் யூ மிஸ்ட் இட்', ஒருவேளை பார்த்திருக்காவிட்டால் என்று பழைய செய்தியை மறுபடி நினைவூட்ட. 'நீ ஏன் இன்னும் பார்க்கவில்லை' என்று கேட்க விரும்பும்போது இதைப் போட்டால் குத்தல் அப்படியே தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இஓஎம், 'எண்ட் ஆஃப் மெசேஜ்'. சப்ஜெக்ட் வரியிலேயே விஷயத்தை எழுதி, கடைசியில் இதைச் சேர்ப்பார்கள்: 'டுடேஸ் கால் அட் 4, நாட் 3 (இஓஎம்)'. மெயிலைத் திறக்கவே வேண்டாம், உள்ளே ஒன்றுமில்லை. சுருக்கமே மெயிலாகிவிடுகிறது. தெரியாதவருக்கு அனுப்பினால், திறந்து பார்த்துவிட்டு 'உங்கள் மெயில் காலியாக வந்திருக்கிறது' என்று பதில் போடுவார். தெரிந்தவர்கள் குழுவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு முதல் தடவை எந்தச் சுருக்கெழுத்தைப் போட்டாலும் பக்கத்தில் விரித்து எழுதுங்கள். 1917இல் பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் ஜான் ஃபிஷர், வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் 'ஓஎம்ஜி' என்று போட்டு, அதற்கு அடைப்புக்குறிக்குள் 'ஓ மை காட்' என்று விரிவும் எழுதியிருக்கிறார். அந்தச் சுருக்கத்துக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய சான்று அதுதான் என்பார்கள். எழுபத்தாறு வயது அட்மிரலுக்கு இருந்த அந்த அக்கறை நமக்கும் இருக்கலாம்.

பேசும்போது

வாயால் 'டீ எல் டீ ஆர்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக மென்பொருள் வேலையில் இருப்பவர்கள். ஆனால் நாலு அசை சொல்லி விஷயத்துக்கு வருவதைவிட, பேச்சுக்கென்றே இருக்கிற தொடர்கள் மேல். 'லாங் ஸ்டோரி ஷார்ட்' என்று ஆரம்பித்து நேராக முடிவைச் சொல்லலாம். முன்னால் 'இன்' சேர்க்கக் கூடாது. முழுதாகச் சொல்வதென்றால் 'டு கட் அ லாங் ஸ்டோரி ஷார்ட்', அமெரிக்காவில் 'கட்' இருக்கும் இடத்தில் 'மேக்' வரும். இது நடந்த கதைக்குத்தான் பொருந்தும், திட்டத்துக்கோ கணக்குக்கோ பொருந்தாது. அவற்றுக்கு 'இன் ஷார்ட்', 'பேசிக்கலி', 'த பாட்டம் லைன் இஸ்' என்று ஏதாவது. அடுத்தவரிடம் கேட்பதென்றால் 'வாட்ஸ் த ஜிஸ்ட்?'.

நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிற இடம் 'ஷார்ட்லி'. சுருக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்து 'ஐ வில் எக்ஸ்ப்ளெய்ன் ஷார்ட்லி' என்கிறோம். கேட்பவருக்கு 'சீக்கிரத்தில் விளக்குகிறேன்' என்று போய்ச் சேருகிறது. அவர் காத்திருப்பார், நாம் பேசிக்கொண்டே இருப்போம். அங்கே வேண்டியது 'ப்ரீஃப்லி'.

எங்கே போடக் கூடாது

இரங்கல் செய்தி, மன்னிப்பு, வேலைக்கான விண்ணப்பம், புகாருக்குத் தருகிற பதில், உடல்நிலை பற்றிய தகவல். இவற்றில் டிஎல்டிஆர் வேண்டாம். சுருக்கம் தேவையென்றால் 'இன் சம்மரி' என்று எழுதுங்கள், வேலை ஒன்றுதான், வாடை வராது. ஆய்வுக் கட்டுரையில் 'அப்ஸ்ட்ராக்ட்', அறிக்கையில் 'எக்ஸிக்யூட்டிவ் சம்மரி' என்று அதற்கென்றே பெயர்கள் இருக்கின்றன. புதிய இடத்தில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் கொஞ்ச நாள் மற்றவர்கள் எழுதுவதைக் கவனியுங்கள். மேலதிகாரியே டிஎல்டிஆர் போடுகிற இடம் என்றால் தாராளமாகப் போடலாம்.

அடுத்தவர் அனுப்பிய நீள மெயில் புரியவில்லை, சுருக்கம் வேண்டும் என்றால்? நெருங்கிய சகாவிடம் 'கேன் ஐ கெட் த டிஎல்டிஆர்?' என்று கேட்கலாம். மற்றவர்களிடம், 'வாட் டூ யூ நீட் ஃப்ரம் மீ?' என்பது நேராக விஷயத்துக்குப் போகும். மெயில் நீளமென்று குறை சொன்ன மாதிரியும் இருக்காது.

கணினி போட்டுத் தருகிற சுருக்கம்

2020 நவம்பரில் செமான்டிக் ஸ்காலர் என்ற ஆய்வுக்கட்டுரைத் தேடுதளம், கட்டுரைகளுக்குக் கணினியே எழுதிய ஒரு வரிச் சுருக்கங்களை டிஎல்டிஆர் என்ற பெயரிலேயே காட்டத் தொடங்கியது. இன்றைக்கு எந்தச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமும் நீளமான ஆங்கிலத்தை ஒட்டி, டிஎல்டிஆர் என்று மட்டும் தட்டினால் புரிந்துகொள்கிறது. ஆங்கிலம் படிக்கத் திணறுபவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் வெறும் நாலெழுத்தைத் தட்டினால் அது தனக்கு முக்கியம் என்று பட்டதை எடுத்துத் தரும். 'நான் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள்' என்று சேர்த்துக் கேளுங்கள், தமிழிலேயே கேட்கலாம்.

ஒப்பந்தம், காப்பீடு, பணம் திரும்பப் பெறும் விதி மாதிரியான விஷயங்களில் அதோடு நிற்க வேண்டாம். '30 நாளுக்குள் திருப்பித் தரலாம்' என்று சுருக்கம் சொல்லும், 'பிரிக்காமல் இருந்தால் மட்டும்' என்பது மூலத்தில் ஓரமாக இருந்து விட்டுப்போயிருக்கும். மூல ஆங்கிலத்தைத் திறந்து, தேடும் பெட்டியில் 'அன்லெஸ்', 'எக்செப்ட்', 'ஒன்லி', 'நாட்' என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். அவை வருகிற வாக்கியங்களை மட்டும் படித்து, அந்த நிபந்தனைகள் சுருக்கத்தில் இருக்கின்றனவா என்று ஒத்துப் பாருங்கள். எண்களையும் தேதிகளையும் அதே மாதிரி ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். முப்பது வரியோ முப்பது பக்கமோ, இதற்கு அதிக நேரம் பிடிக்காது.